கணக்கைக் கையில் எடுத்த கத்தரினா

மார்ட்டின் லூதரைப் பற்றி எம்மில் பலர் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். 1517இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்தெழுந்த ஜேர்மனியத் துறவி அவர். அவருடைய மனைவி கத்தரினா வொன் போராவை அறிந்தவர்கள் குறைவு. கணக்கெழுதிப் பிழைக்கும் எமக்கு அந்த அம்மையார்மீது தனி மதிப்பு உண்டு.

1499இல் சக்சனியில், வசதி குன்றிய பிரபு குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சிறு வயதிலேயே கன்னியர் மடத்தில் விடப்பட்டு, 1515இல் துறவியானார். லூதரின் எழுத்துகள் மடத்துக்குள்ளும் எட்டின. 1523இல், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய இரவு, மடத்துக்கு மீன் கொண்டுவரும் வியாபாரியின் வண்டியில் பன்னிரண்டு கன்னியர் தப்பினார்கள். தோர்கவ் நகர் வழியாக ஒன்பது பேர் விட்டன்பேர்க் வந்து சேர்ந்தார்கள். இரவோடிரவாக வண்டியேறுவது என்றால் என்னவென்று எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

கத்தரினா விரும்பிய இளைஞர் ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. லூதர் பேசிய வரனை இவர் மறுத்தார். லூதரையோ அவருடைய நண்பர் அம்ஸ்டோர்பையோ என்றால் சம்மதம் என்று துணிந்து சொன்னார். 1525 யூன் 13இல் திருமணம் நடந்தது. லூதருக்கு 41 வயது, இவருக்கு 26. காதலில் தொடங்கிய வாழ்க்கை அல்ல. லூதர் இவரைக் கர்வக்காரி என்றே எண்ணியிருந்தார்.

லூதருக்குக் காசு கையில் தங்காது. புத்தகங்களுக்குப் பணம் வாங்கமாட்டார், கேட்டவருக்கு இல்லையென்னார். ஒரு பேராயர் 20 கில்டர் திருமணப் பரிசு அனுப்பியபோது அவர் வேண்டாமென்றார். கத்தரினா வாங்கி வைத்துக்கொண்டார். பழைய மடத்துக் கட்டடமே அவர்களுடைய வீடு. அங்கே மாணவர்களைத் தங்கவைத்துக் கட்டணம் வாங்கினார், பியர் காய்ச்சினார், மாடு வளர்த்தார், தோட்டம் செய்தார். கொள்ளைநோய்க் காலத்தில் அதே வீட்டில் நோயாளரையும் பராமரித்தார். கர்வக்காரி என்று நினைத்த மனிதர் பிறகு அவரை எசமான் என்று விளையாட்டாக அழைக்கலானார்.

லூதரும் அவரை வேலையோடு விட்டுவிடவில்லை. 1535இல், அடுத்த உயிர்த்த ஞாயிறுக்குள் வேதாகமம் முழுவதையும் வாசித்து முடித்தால் 50 கில்டர் தருவதாக வாக்களித்தார். அத்தனை வேலைக்கிடையிலும் கத்தரினா ஊக்கமாக வாசித்தார். ஆறு பிள்ளைகளில் எலிசபெத் ஒரு வயது நிரம்புமுன் இறந்தாள். 1542இல் பதின்மூன்று வயது மக்தலேனா தகப்பனின் கைகளிலேயே உயிர்விட்டாள். அந்தத் துயரத்தை இருவரும் சேர்ந்தே சுமந்தார்கள்.

அதே ஆண்டு லூதர் உயில் எழுதினார். மனைவியைப் பிள்ளைகளின் காப்பாளர் ஒருவருக்குக் கீழே வைப்பது அந்நாட்டு வழக்கம். அவரோ எல்லாப் பொறுப்பையும் கத்தரினாவிடமே ஒப்படைத்தார். பதினாறு வருடத்துக்கு மேலாக அவர் கணக்குப் பார்த்ததைக் கண்ட நம்பிக்கை அது. 1546இல் லூதர் இறந்ததும் சட்டம் தெரிந்தவர்கள் அந்த உயிலை ஏற்க மறுத்தார்கள். கத்தரினா ஆட்சியாளரிடம் முறையிட வேண்டியதாயிற்று. அடுத்து யுத்தம் வந்தது. பிள்ளைகளோடு இரண்டு தடவை இடம்பெயர்ந்து, திரும்பி வந்து பார்த்தபோது நிலங்கள் பாழாகிக் கிடந்தன. மீண்டும் ஆட்களைத் தங்கவைத்துப் பிழைத்தார். 1552இல் கொள்ளைநோய்க்கு அஞ்சிப் புறப்பட்ட வழியில் வண்டி விபத்தில் காயப்பட்டு, டிசெம்பர் 20இல் காலமானார். இறந்த இடம் தோர்கவ். மடத்திலிருந்து தப்பியபோது வந்து இறங்கிய அதே ஊர். வயது 53. எமது வயதுதான்.

எமது தொழிலில் பல குடும்பங்களின் கணக்குகளைப் பார்க்கிறோம். கணவனுக்கு ஒரு கணக்கு, மனைவிக்கு ஒரு கணக்கு. நாமும் பல வருடங்கள் வீட்டுக்காரிக்குத் தெரியாமல் ஊருக்குக் காசு அனுப்பியவர்கள்தாம். தெரிய வந்தபோது அவரை வருத்தியது போன காசல்ல, மறைத்தது. இப்போது மாதக் கடைசியில் இருவரும் ஒரே மேசையில் இருந்து கணக்குப் பார்க்கிறோம். சில மாதங்களில் சண்டையும் வரும். ஆனாலும் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் எழும்புகிறோம்.