உதகை மேகங்களைத் தீட்டிய வெங்கடப்பா

பெங்களூர் கஸ்தூரிபா சாலையில், அரசு மியூசியத்தை ஒட்டி ஒரு சித்திரக்கூடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகுட்டிகளோடு கப்பன் பூங்காவுக்குப் போகும் நம்மவர்களில் பலர் அந்தக் கட்டடத்தைக் கடந்து போயிருப்பார்கள். அது தாங்கி நிற்கும் பெயர் ஓவியர் கே. வெங்கடப்பாவுடையது. அவர் மைசூர்க்காரர். ஆனால் அவருக்கு நிலைத்த புகழைத் தேடித் தந்த படங்களில் இருப்பவை தமிழ்நாட்டு மலைகள்: உதகமண்டலமும் கொடைக்கானலும்.

1886-ல் மைசூரில் பிறந்தார் வெங்கடப்பா. அரண்மனைக்குப் பரம்பரையாகச் சித்திரம் எழுதி வந்த குடும்பம். நம் தஞ்சாவூர்ப் படங்களைப் போலவே மைசூர்ப் படங்களிலும் தங்க ரேக்கு ஒட்டுவார்கள். தெய்வங்களும் அரசர்களுமே அங்கு விஷயம். மலையும் மேகமும் பின்னணியில் நிற்குமே தவிர, அவையே படமாவதில்லை.

மைசூர் சமஸ்தானத்தின் ஆதரவில் அவர் 1909-ல் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஆசிரியர் அவனீந்திரநாத் தாகூர். உடன் பயின்றவர் நந்தலால் போஸ். சகோதரி நிவேதிதையும், இலங்கைத் தமிழரான முத்து குமாரசாமியின் புதல்வர் ஆனந்த குமாரசாமியும் எழுதிய இந்து, பௌத்த புராணக் கதை நூல் 1913-ல் வெளிவந்தபோது, அதற்குப் படம் தீட்டியவர்களில் வெங்கடப்பாவும் ஒருவர்.

எண்ணெய் வண்ணத்தில், எதிரே உள்ளதைப் பார்த்து அப்படியே எழுதுவது ஐரோப்பிய முறை. ரவிவர்மா அதில்தான் பேரெடுத்தார். அவனீந்திரநாத் அந்த வழியை விட்டு விலகி, நீர் வண்ணத்தில் மென்மையாக, மனத்தில் கண்டதை எழுதும்படி மாணவர்களுக்குக் கற்பித்தார். அந்தப் பள்ளியில் தேறி 1916-ல் மைசூர் திரும்பிய வெங்கடப்பா, பின்னாளில் குருவின் வர்ணத்தை வைத்துக்கொண்டு, குருவின் பாதையை விட்டு வெளியே வந்தார். கற்பனையை ஒதுக்கி வைத்துவிட்டு மலைக்கு எதிரே போய் நின்றார்.

இடையில் வீணைப் பித்தும் அவரைப் பிடித்துக்கொண்டது. புகழ்பெற்ற வீணை சேஷண்ணாவிடம் முறையாகப் பாடம் கேட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓவியம், வீணை இரண்டுமே அவருக்குக் குடும்பம்.

மைசூரிலிருந்து உதகைக்குக் குண்டலுப்பேட்டை, பந்திப்பூர் வழியாகச் சாலை போகிறது. மைசூர் மகாராஜாக்களுக்கு அங்கே பெர்ன்ஹில் அரண்மனை இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் உதகை வரை 1908-லேயே வந்துவிட்டது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7,300 அடி உயரத்தில் உள்ள ஊர் அது. ஒரு நாழிகைக்குள் வெயில், மூட்டம், தூறல் என்று மூன்றும் மாறி மாறி வரும். 1920-களிலும் 1930-களிலும் உதகையிலும் கொடைக்கானலிலும் அவர் எழுதிய காட்சிகளில் இந்த மாற்றங்களே விஷயம். மலைச்சரிவில் ஏறும் மேகம், நிலா வெளிச்சம், மழைக்கு முந்திய இருட்டு. படங்கள் அளவில் சிறியவை. மனிதர்கள் பெரும்பாலும் கிடையாது.

இந்த வேலையின் கஷ்டத்தைச் சற்று விளக்க வேண்டும். 1841-ல் அமெரிக்க ஓவியர் ஜான் ராண்ட் தகரக் குழாயில் வர்ணம் அடைக்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகே, ஐரோப்பாவில் எண்ணெய் வண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வயல்வெளிக்கும் துறைமுகத்துக்கும் போவது சுலபமாயிற்று. பிரான்ஸின் லா ஆவ்ர் துறைமுகத்துச் சூரியோதயத்தை மோனே எழுதிய 1872-ம் ஆண்டுப் படம் அப்படி வளர்ந்த கலையின் விளைவு. எண்ணெய் வண்ணம் மெதுவாக உலரும். பிசகினால் சுரண்டிவிட்டு மேலே பூசலாம். வெள்ளை வேண்டுமானால் கடைசியில்கூட வைக்கலாம். நீர் வண்ணத்தில் அந்த வசதி கிடையாது. காகிதத்தின் வெண்மைதான் வெளிச்சம். மூடுபனி எங்கே வர வேண்டும் என்பதை முதலிலேயே தீர்மானித்து, அந்த இடத்தை விட்டுவைக்க வேண்டும். தூரிகை ஒருமுறை தவறினால் தவறினதுதான். ஈரக்காற்றில் காகிதம் உலரவும் நேரமாகும். அதற்குள் மேகம் கலைந்துவிடும். வெங்கடப்பாவின் பொறுமையை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

அவர் படம் மட்டும் எழுதவில்லை. மைசூர் அரண்மனைக்காகச் சுதையில் புடைப்புச் சிற்பங்களும் செய்துவந்தார். 1940-ல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலமானார். அதன்பின் அந்தப் பணிக்குரிய ஊதியம் பற்றித் தகராறு மூண்டது. மன்னர் கொடுப்பதைச் சன்மானமாக வாங்கிக்கொண்டு கும்பிடு போடுவது அரண்மனைக் கலைஞர்களின் வழக்கம். வெங்கடப்பா அதற்கு இசையவில்லை. செய்த வேலைக்கு உரிய கூலி தமக்கு வர வேண்டும் என்று நீதிமன்றம் ஏறினார். அந்தப் பரம்பரையில் பிறந்த ஒருவர் அரண்மனை மீதே வழக்குத் தொடுப்பது அன்று சாதாரண விஷயமல்ல. வழக்கு அவருக்குச் சாதகமாகவில்லை. மைசூரை விட்டுப் பெங்களூருக்கு வந்து குடியேறினார்.

வேலை வாங்கியவர் நிர்ணயிப்பதுதான் கூலியா, செய்தவனுக்கும் அதில் ஒரு சொல் உண்டா என்ற கேள்வி ஓவியருக்கு மட்டும் உரியதல்ல. மாதச் சம்பளத்திலும் தினக்கூலியிலும் காலம் தள்ளும் நமக்கு அது நன்றாகவே விளங்கும். தோற்போம் என்ற பயத்தில் வெங்கடப்பா கேட்காமல் இருந்துவிடவில்லை.

பிற்காலத்தில் லலித் கலா அகாடமி அவரைத் தன் பெல்லோவாகத் தேர்ந்து கௌரவித்தது. 1965-ல் அவர் மறைந்தார். அதன்பின் அரசு அவர் பெயரில் எழுப்பிய கூடம்தான் கஸ்தூரிபா சாலையில் நிற்பது. அவருடைய ஓவியங்கள் அந்தக் கூடத்தின் சொத்து.

கூடம் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் விசாரித்துக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். ஊட்டி பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ஜன்னலுக்கு வெளியே மூட்டம் மலையை மறைப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படங்கள் உடனே அடையாளம் தெரியும். நம் ஊர் மலையை, கன்னட தேசத்து ஓவியர் ஒருவர், நாம் பிழைக்க வந்த இந்த நகரத்தில் நமக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்.