பிடில் கற்ற பாலுசாமி

குழந்தைகளே! எட்டயபுரம் என்றதும் உங்களுக்குப் பாரதியார் நினைவுக்கு வருவார். தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு.

1786-ல் பிறந்தவர் பாலுசாமி தீட்சிதர். தந்தை ராமசுவாமி தீட்சிதரும், மூத்த அண்ணன் முத்துசுவாமி தீட்சிதரும் இசை மேதைகள். சென்னையை அடுத்த மணலியில் குடும்பம் வசித்தபோது, புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்கும் வாய்ப்பு கிடைத்தது. அந்நிய இசை என்று சகோதரர்கள் ஒதுக்கவில்லை. அந்த மெட்டுகளுக்கு அண்ணன் சமஸ்கிருதத்தில் பாடல்கள் எழுதினார். அயர்லாந்து நாட்டு மெட்டில் அமைந்த 'வந்தே மீனாக்ஷி' அவற்றில் ஒன்று.

தம்பியோ ஓர் ஐரோப்பியரிடம் மூன்றாண்டுகள் பிடில் கற்றார். நம் ராகங்களை அதில் வாசித்துக் காட்டினார். இன்று கர்நாடக இசைக் கச்சேரிகளில் வயலின் இருக்கிறதே, அதற்கு வழிகாட்டியவர்களில் முதன்மையானவர் இவர்தான்!

பின்னர் எட்டயபுரம் மன்னர் இவரை அரசவை வித்வானாக்கினார். அண்ணனும் அங்கு வந்து, 1835-ல் அவ்வூரிலேயே மறைந்தார்.

அந்நாளில் பாடல்கள் வாய்வழியாகவே கற்பிக்கப்பட்டன. பாடுபவர் மறைந்தால் பாட்டும் மறைந்துவிடும். எனவே பாலுசாமி தம் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராமனைத் தத்தெடுத்து, குடும்பத்தின் இசைச் செல்வத்தைக் கற்றுக்கொடுத்தார். 1859-ல் தாத்தா மறைந்தார். பேரன் மறக்கவில்லை. 1904-ல் அப்பாடல்களைச் சுரக் குறிப்புகளுடன் பெரிய நூலாக எட்டயபுரத்திலேயே அச்சிட்டார். 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் அந்நூலை வித்வான்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

குழந்தைகளே, உங்கள் பாட்டிக்குத் தெரிந்த பாட்டு ஒன்றை இந்த வாரமே கற்றுக்கொள்வீர்களா?