இன்டர்ஃபெரான் கண்ட அலிக் ஐசக்ஸ்

கண்ணுக்குப் புலப்படாத வைரஸ்கள் மனித உடலுக்குள் புகும்போது உடல் வாளாவிருப்பதில்லை. தாக்குண்ட செல், தன் அண்டைச் செல்களுக்கு எச்சரிக்கை விடுக்கிறது. அவ்வெச்சரிக்கையைக் கண்டறிந்த அறிஞர்களுள் ஒருவர் அலிக் ஐசக்ஸ்.

ஐசக்ஸ் 1921ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அவர்தம் முன்னோர் லித்துவேனியாவிலிருந்து குடிபெயர்ந்த யூதர்கள். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற அவரது உள்ளம் ஆராய்ச்சியையே நாடியது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பர்னெட் என்னும் அறிஞரிடம் இன்ஃபுளுவென்சா வைரஸ் பற்றி ஆராய்ந்தார். பின்னர் லண்டனில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றினார்.

ஒரு வைரஸ் புகுந்த செல்லில் மற்றொரு வைரஸ் எளிதில் பெருகுவதில்லை என்பதை அறிஞர்கள் முன்னரே அறிந்திருந்தனர். அதன் காரணம் மட்டும் விளங்கவில்லை. 1956இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ழான் லிண்டன்மன் என்னும் இளம் ஆய்வாளருடன் சேர்ந்து ஐசக்ஸ் அப்புதிரை ஆராயத் தொடங்கினார். கோழிக்கருவின் சவ்வுத் துண்டுகளை நீர்மத்தில் இட்டு, வெப்பத்தால் வீரியம் இழந்த இன்ஃபுளுவென்சா வைரஸை இருவரும் அதில் சேர்த்தனர். சில மணிநேரம் சென்றபின் அச்சவ்வை நீக்கிவிட்டு, எஞ்சிய நீர்மத்தில் புதிய சவ்வுத் துண்டுகளை இட்டனர். அவற்றில் வீரியமுள்ள வைரஸாலும் பெருக இயலவில்லை. முதலில் இட்ட சவ்வின் செல்கள் ஏதோ ஒரு காப்புப் பொருளைச் சுரந்திருந்தன! வைரஸின் பெருக்கத்தில் குறுக்கிடுவதால் அதற்கு இன்டர்ஃபெரான் எனப் பெயரிட்டு, 1957இல் உலகுக்கு அறிவித்தனர்.

இதன் உட்பொருளைப் பிற்கால அறிஞர்கள் விளக்கினர். செல்லில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் உள்ளன. அவை அனைத்தும் எப்போதும் இயங்குவதில்லை. வைரஸ் புகுந்ததும், வெள்ளணு முதலிய செல்களில் உறங்கிக்கிடக்கும் இன்டர்ஃபெரான் மரபணுக்கள் விழித்தெழுகின்றன. அவற்றின் கட்டளைப்படி உருவாகும் புரதம் அண்டைச் செல்களை அடைந்து, அங்குள்ள நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயங்கச் செய்கிறது. அச்செல்களும் வைரஸை எதிர்க்க அணியமாகின்றன.

இன்டர்ஃபெரானைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க அக்காலத்தில் இயலவில்லை. எனவே, அப்படியொரு பொருள் உண்டா எனப் பலர் ஐயுற்றனர். உடலும் உள்ளமும் நலிவுற்ற நிலையிலும் ஐசக்ஸ் தம் ஆய்வைக் கைவிடவில்லை. 1967ஆம் ஆண்டு, 45ஆம் அகவையில் மறைந்தார். 1970களின் இறுதியில்தான் அப்பொருள் தூய நிலையில் கிடைத்தது. 1986இல் அமெரிக்காவில் மருந்தாகவும் ஏற்கப்பட்டது. விதைத்தவர் விளைச்சலைக் காணவில்லை. நோயுற்றோர் அதன் பயனைப் பெற்றனர்.

விடை தருக

1. இன்டர்ஃபெரான் என்னும் பெயர் எதனால் ஏற்பட்டது?
2. ஐசக்ஸின் கண்டுபிடிப்பைப் பலர் ஐயுற்றது ஏன்?
3. பிரித்து எழுதுக: அப்புதிர், விழித்தெழுகின்றன.