நெய்யூருக்கு வந்த எவரெஸ்ட் டாக்டர்

மலரில் ஏதாவது எழுதித் தரணும்னு சங்கச் செயலாளர் கேட்டதும், இஞ்சினீயர் பாலத்தைப் பற்றியோ அணையைப் பற்றியோதான் எழுதுவான் என்று நண்பர்கள் நினைத்திருப்பார்கள். நான் எழுத நினைத்தது ஒரு டாக்டரைப் பற்றி. நம் மாவட்டத்துப் பெரியவர்கள் இன்றும் பேச்சுவாக்கில் குறிப்பிடும் டாக்டர் சாமர்வெல். அவர் எவரெஸ்ட் ஏறினவர் என்பது பலருக்குத் தெரியும். நெய்யூரில் அவர் செய்த ஆராய்ச்சி பற்றித் தெரிந்தவர்கள் குறைவு.

தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் 1890-ல் இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் பிறந்தார். குடும்பத்தின் தொழில் செருப்புக் கம்பெனி. கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் படித்தார். முதல் உலகப்போரில் இராணுவ டாக்டராக, 1916-ல் சோம் போர்க்களத்தின் பின்னணியில் பணியாற்றினார். ஒரு கூடாரத்தில் நாலைந்து டாக்டர்கள். வெளியே புல்தரையில் நூற்றுக்கணக்கில் காயம்பட்டவர்கள். யாரை முதலில் மேசைக்குத் தூக்குவது? அந்தக் காட்சி அவரைப் போருக்கு எதிரானவராக்கியது.

1922-ல் எவரெஸ்ட் குழுவில் சேர்ந்தார். பனிச்சரிவில் ஷெர்பாக்கள் ஏழு பேர் இறந்துபோனார்கள். மலையை விட்டு இறங்கியவர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தார். அப்போது திருவிதாங்கூரில் இருந்த நெய்யூரில் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி நடந்துகொண்டிருந்தது. அங்கே நோயாளிகள் வரிசையாகக் காத்துக் கிடக்க, டாக்டர் பியூ என்பவர் தனியாக மல்லாடிக்கொண்டிருந்தார். சாமர்வெல் கொஞ்ச நாள் கைகொடுத்தார். பிறகு லண்டனில் தனக்குக் காத்திருந்த ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, 1923-ல் நெய்யூருக்கே வந்து சேர்ந்தார்.

1924-ல் மறுபடியும் எவரெஸ்ட். நார்ட்டனுடன் ஏறத்தாழ 28,000 அடி வரை போனார். இறங்கும் வழியில் தொண்டையின் உள்தோல் குளிரில் கழன்று மூச்சை அடைத்துவிட்டது. நெஞ்சைக் கையால் அழுத்தி, இருமி, அதை வெளியே தள்ளிப் பிழைத்தார். அந்தப் பயணத்தில் திரும்பி வராத மல்லோரியின் கையில் இருந்தது சாமர்வெல்லின் கேமரா.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்துத் தென்திருவிதாங்கூரில் வயித்துவலி ஒரு பெரிய சாபம். சாதாரண அஜீரணம் இல்லை. சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் புண். வயலில் வேலை செய்கிறவன் சுருண்டு விழுந்துவிடுவான். இங்கிலாந்தில் அபூர்வமாகப் பார்க்கக்கூடிய முற்றிய புண்களை நெய்யூரில் நாள்தோறும் பார்க்க வேண்டியிருந்தது. அறுவை செய்து அனுப்பினால் கடமை முடிந்தது என்று இருந்திருக்கலாம். ஆனால் இங்கே மட்டும் ஏன் இத்தனை பேருக்கு என்ற கேள்வி அவரை விடவில்லை. (பழுதான பாகத்தை மாற்றிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போகிற பழக்கம் எங்கள் தொழிலிலும் உண்டு. ஏன் இதே பாகம் திரும்பத் திரும்பப் போகுதுன்னு கேட்கிறவர் எங்களிலும் கொஞ்சம்தான்.)

பதில் இருந்தது நோயாளிகளிடம்தான். தினமும் என்ன சாப்பிடறே? மரச்சீனியா, சோறா? பாலும் காய்கறியும் உண்டா? ஏழை வீட்டில் மரச்சீனிக் கிழங்கும், கொஞ்சம் மீனும், காரமுமே சாப்பாடு. இது ஊரறிந்த சங்கதி; ஆனால் நோயோடு சேர்த்துப் பார்த்தபோது அதுவே ஆராய்ச்சி ஆனது. சக டாக்டர் ஆர்-உடன் சேர்ந்து 1936-ல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் இதை எழுதினார். இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே குன்னூரில் மெக்காரிசன் எலிகளுக்குத் திருவிதாங்கூர் ஏழையின் சாப்பாட்டைப் போட்டுப் பார்த்திருந்தார். அவற்றுக்கும் புண் வந்தது. பஞ்சாப் சாப்பாடு தின்ற எலிகளுக்கு வரவில்லை.

முழுப் பதிலும் அவருக்குக் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 1982-ல் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் இந்தப் புண்ணின் பின்னால் ஒரு பாக்டீரியா இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2005-ல் நோபல் பரிசும் பெற்றார்கள். இன்று பலருக்கு மாத்திரையிலேயே தீர்ந்துவிடுகிறது. சாமர்வெல் காலத்தில் கத்திதான் கதி. அந்தக் கத்தியையும் அவர் மாற்றி மாற்றிப் பார்த்தார். இரைப்பைக்குப் போகும் இரத்தக் குழாய்களைக் கட்டி அமிலத்தைக் குறைக்கும் முறையை 1945-ல் எழுதினார். 1948-ல் இரைப்பை அறுவை பற்றித் தனிப் புத்தகமே வந்தது. ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியின் அனுபவம் வெளிநாட்டு டாக்டர்களுக்குப் பாடமானது!

நெய்யூரின் இன்னொரு கேள்வி வாய்ப்புற்று. இதைச் சாமர்வெல்லுக்கு முன்பே அங்கிருந்த டாக்டர்கள் கவனித்துவிட்டார்கள். பென்டால் என்பவர் 1,700 புற்று நோயாளிகளின் கணக்கை 1908-லேயே வெளியிட்டார். 1933-ல் ஆர், வெற்றிலையோடு சேர்த்து அடக்கும் புகையிலையின் பங்கைப் பற்றி எழுதினார். வெற்றிலைச் செல்லம் இல்லாத வீடு அந்நாளில் ஏது? அதனால் ஊரார் காதில் இது ஏற வெகுகாலம் ஆயிற்று. பக்கத்துத் திருவனந்தபுரத்தில் 1996-ல் தொடங்கி, சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-ல் முடிவு வந்தது. வாயைப் பார்க்க ஒரு டார்ச் லைட் போதும்.

சாமர்வெல் 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1961 வரை அறுவை மருத்துவம் கற்றுக்கொடுத்தார். அதற்கிடையே, 1956-ல், நெய்யூர் கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழ்நாட்டுப் பக்கம் வந்துவிட்டது. ஊர் திரும்பியவரை ஆல்பைன் கிளப் தலைவராக்கினார்கள். 1975 ஜனவரியில் ஆம்பிள்சைடில் காலமானார்.

எல்லைக்கு அந்தப்புறம், காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி அவர் பெயரில் இருக்கிறது. நெய்யூர் ஆஸ்பத்திரியும் இன்னும் நடக்கிறது. நம் கல்லூரிப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிஷம் பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்துவிட்டு வரலாம்.