கோகலேயும் சர்க்கார் கஜானாவும்

1866-ல் ரத்னகிரி ஜில்லாவில் எளிய குடும்பத்தில் பிறந்து, புனா பெர்குஸன் கலாசாலையில் கணிதமும் சரித்திரமும் போதித்துவந்த ஸ்ரீ கோபால கிருஷ்ண கோகலே, 1902-ம் வருஷம் மார்ச்சு 26-ந் தேதி கர்ஸன் பிரபுவின் சட்டசபையில் வரவுசெலவுத் திட்டத்தைக் கண்டித்துப் பேச எழுந்தார். சர்க்கார் சுமார் 7 கோடி ரூபாய் மிச்சம் காட்டி மகிழ்ந்திருந்த சமயம் அது. 1899-1900 பஞ்சத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்ட தேசத்தில் இம்மிச்சம் க்ஷேமத்தின் அடையாளமன்று, மிதமிஞ்சிய வரியின் அடையாளமே என்று சர்க்காரின் கணக்கைக் கொண்டே அவர் நிரூபித்தார். அன்று மணங்கு உப்புக்கு வரி இரண்டரை ரூபாய். மரக்காணத்து அளத்து உப்பை வளவனூர்க் கூலிக்காரன் வாங்கினாலும், பெருநிலக்கிழார் வாங்கினாலும் வரியில் தம்பிடி பேதமில்லை.

லங்காஷயர் முதலாளிகளின் பொருட்டு நமது ஆலைத் துணிமீது 1896-ல் விதிக்கப்பட்ட 3½ சத வரியையும் அவர் சாடினார். தன் நாட்டுத் தொழிலுக்குத் தானே விலங்கிடும் சர்க்காரை வேறெங்குக் காண்போம்? சபையில் உத்தியோகஸ்தரே பெரும்பான்மையோர். வரவுசெலவின்மீது வோட்டும் கிடையாது. ஆயினும் உப்பு வரி 1903-ல் இரண்டு ரூபாயாகவும், 1905-ல் ஒன்றரையாகவும், 1907-ல் ஒன்றாகவும் இறங்கிற்று. மிதவாதி என்று அவரை இகழ்ந்தோர் இக்கணக்கைப் பார்த்திலர் போலும்!

1915 பிப்ரவரி 19-ந் தேதி, 48-வது வயதில் கோகலே காலமானார். துணி வரி 1926-ல்தான் அடியோடு ரத்தாயிற்று.