மஹலநோபிஸ் பெருமகனார்

அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமை வானம் பார்த்த பூமி. இங்கு ஓர் இல்லத்தார் தம் மக்களின் கல்விக்கென மேசைக் கணிப்பொறி ஒன்று வாங்கக் கருதுவராயின், நல்ல ஆண்டின் வெள்ளாமையில் மிஞ்சியது முழுவதும் அதற்கே சென்றுவிடும். வாங்கியது பழுதெனின் மறுமுறை வாங்க வகையில்லை. எவ்வளவு செலவிட்டால் எவ்வளவு நம்பகம் கிட்டும் என்பதே அவர்தம் கவலை. இவ்வினாவையே வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

பிரசாந்த சந்திர மஹலநோபிஸ் 1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியிற் பௌதிகம் பயின்றபின், கேம்பிரிட்ஜ் சென்று கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். ஆங்கே நம் இராமானுஜன் அவருக்கு நண்பரானார். குளிரால் வருந்திய இராமானுஜனுக்குக் கம்பளிகளின் இடையே புகுந்து உறங்கும் முறையைக் காட்டியவர் இவரே என்பர். தாயகம் திரும்புங்கால் பயோமெட்ரிகா என்னும் புள்ளியியல் ஏட்டின் தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே கற்றார். பௌதிகப் பேராசிரியராய் அமர்ந்தும் அவர் உள்ளம் புள்ளியியலிலேயே தோய்ந்தது. 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தோற்றுவித்தார்.

வங்காளத்தில் சணல் விளையும் பரப்பை அறிய வேண்டியிருந்தது. வயல்தோறும் சென்று எண்ணுவதற்குப் பெரும் பொருளும் பல்லாயிரம் ஆட்களும் வேண்டும். மஹலநோபிஸோ, சீட்டெடுப்பதுபோல் சார்பின்றித் தெரிந்த சில இடங்களை மட்டும் அளக்கும் முறையை 1937 முதல் வகுத்தார். முதலிற் சிறு அளவிற் சோதித்துச் செலவையும் பிழையையும் கண்டறிந்தார். அதன் பின்னரே மாகாணம் முழுதும் விரித்தார். இரு குழுவினரைத் தனித்தனியே அனுப்பி, அவர்தம் முடிவுகளை ஒப்பிட்டுப் பிழையை வெளிப்படுத்தினார். செலவு பன்மடங்கு குறைந்தது, நம்பகம் குன்றவில்லை. 1945இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கவே, நாடெங்குமிருந்து கணக்குகள் மலைபோற் குவிந்தன. கைக்கணக்கர்களால் அவற்றை முடிக்க இயலாமையின், கணிப்பொறி இன்றியமையாததாயிற்று. அன்னியச் செலாவணியோ அரிது. 1953இல் அவர் கழகத்தைச் சேர்ந்த சமரேந்திர குமார் மித்திரா என்பார், போர்க்காலத்து மிச்சப் பொருள்களையும் கொண்டு, பத்து மாறிகள் உள்ள சமன்பாடுகளைத் தீர்க்கும் பொறியொன்றை அமைத்தார். பின்னர் இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி. 2எம் என்னும் பொறி ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபாய்க்கு வாங்கப்பெற்றது. இந்தியாவின் முதல் இலக்கமுறைக் கணிப்பொறி அதுவே. அதன் நினைவுருளை 1024 சொற்களையே தாங்கும். இன்று நம் கைப்பேசியின் நினைவகத்தில் இலட்சத்தில் ஒரு கூறும் அஃதன்று. எனினும் நாட்டின் கணக்கைச் செய்ய அது போதியதாயிற்று. ஏனெனில், செய்ய வேண்டிய பணி இன்னதென்பதை முன்னரே தெளிந்திருந்தனர். 1966இல் அக்கழகமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் கூடி ஐ.எஸ்.ஐ.ஜே.யு. என்னும் பொறியைத் தாமே ஆக்கின.

1972ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், எழுபத்தொன்பது நிறைவதற்கு ஒரு நாள் இருக்கையில், அவர் இயற்கை எய்தினார். அவர் பிறந்த நாளை 2007 முதல் புள்ளியியல் நாளாக நாடு கொண்டாடி வருகிறது.

மாணவ நண்பர்காள்! இவர் வாழ்வு நமக்கு மூன்று வழிகளைக் காட்டுகின்றது. பணியை முதலில் அறிமின்: கட்டுரை எழுதவும் நிரல் பழகவும் நடுத்தரச் செயலி போதும், விலைமிகுந்த வரைகலை அட்டை வேண்டா. மிஞ்சும் பணத்தைப் போதிய நினைவகத்திற்கும், திடநிலைச் சேமிப்பகத்திற்கும், ஏறியிறங்கும் மின்னழுத்தத்தைத் தாங்கும் நல்ல மின்வழங்கிக்கும் செலவிடுமின். சிறிது சோதித்த பின்னரே பெரிதாய்ச் செலவிடுமின்: கடையிலேயே சில நாழிகை ஓட்டிப் பார்த்துப் பணம் கொடுத்தல் நன்று. ஒருவர் சொல்லையே நம்பாது, ஒருவரையொருவர் அறியாத இருவரைத் தனித்தனியே வினவி ஒப்பிடுமின். கரிசற்காட்டு உழவன் விதையைத் தெரிந்தெடுப்பதும் இவ்வாறன்றோ!