பள்ளிக்கு அனுப்பாத தந்தை

1897-ஆம் ஆண்டு ஜனவரியில் காந்தியடிகள் குடும்பத்துடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை அடைந்தபோது அவருடன் மூன்று சிறுவர்கள் இருந்தனர். ஒருவன் தமக்கையின் மகன். மற்ற இருவரும் அவருடைய புதல்வர்கள் ஹரிலால், மணிலால். இவர்களை எங்கே படிக்க வைப்பது என்ற கேள்வி உடனே எழுந்தது. ஐரோப்பியர் பள்ளிகளில் இந்தியக் குழந்தைகளுக்கு இடமில்லை. வழக்கறிஞர் காந்தியின் பிள்ளைகளுக்கு மட்டும் விதிவிலக்கு அளித்திருப்பார்கள். ஏனைய இந்தியருக்குக் கிட்டாத சலுகையைத் தம் மக்களுக்கு மட்டும் பெற அவர் மனம் ஒப்பவில்லை. மிஷன் பள்ளிகளிலோ ஆங்கிலமே பயிற்றுமொழி. மாதம் 7 பவுன் ஊதியத்தில் ஓர் ஆங்கில மாதைச் சில காலம் அமர்த்திப் பார்த்தார், நிறைவு தரவில்லை. இறுதியில் தாமே ஆசானானார்.

ஆனால் அவருக்கு நேரம் ஏது? பின்னாளில் ஜோகன்னஸ்பர்க்கில் வாழ்ந்தபோது வீட்டிலிருந்து அலுவலகம் சென்று திரும்ப மொத்தம் 5 மைல். பிள்ளைகளை உடன் அழைத்துக்கொண்டு நடப்பார். வழிநெடுகப் பேச்சே பாடம். அதுவும் பல நாட்கள் தடைப்படும்.

1910-இல் நண்பர் காலன்பாக் தம் 1,100 ஏக்கர் பண்ணையைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்கு அளித்தார். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் அமைந்த அதற்கு டால்ஸ்டாய் பண்ணை எனப் பெயரிட்டனர். சிறை சென்றோரின் பிள்ளைகள் பலர் அங்கே வளர்ந்தனர்; தமிழ்ச் சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். சமையல் முதல் கழிவகற்றுதல் வரை எல்லா வேலையும் அங்கே வாழ்ந்தவர்களுடையதே. குழி தோண்டுவதும் மரம் வெட்டுவதும் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி. காலன்பாக் செருப்புத் தைக்கக் கற்றுவந்து காந்தியடிகளுக்குக் கற்பித்தார். அவர் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். ஏட்டுப் படிப்பு பகலுணவுக்குப் பின்புதான். காலை முழுவதும் உழைத்த பிள்ளைகளுக்குக் கண் சொக்கும், ஆசிரியருக்கும் அப்படியே! கண்களில் நீர் தெளித்துக்கொண்டு பாடத்தைத் தொடர்வார்கள். பாடநூல்களை அவர் பெரிதும் நாடவில்லை.

தமிழ் வகுப்பு சுவையானது. கப்பற்பயணத்திலும் சிறையிலும் போப் ஐயரின் நூலைக் கொண்டு காந்தியடிகள் கற்ற தமிழ் மிகச் சிறிது. தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்த அச்சிறுவர்களோ எழுத்தே அறியாதவர்கள். அவர்களுக்கு எழுத்தையும் எளிய இலக்கணத்தையும் கற்பித்தார். பேச்சில் மட்டும் மாணவர்களே ஆசிரியரை விஞ்சினர். ஆங்கிலம் அறியாத தமிழர் எவரேனும் அவரைக் காண வந்தால் அச்சிறுவர்களே மொழிபெயர்த்து உதவினர். தம் அறியாமையை அவர் மறைக்கவில்லை. மாணவரின் அன்பும் குறையவில்லை.

ஒருமுறை, முரட்டுத்தனம் மிகுந்த 17 வயது இளைஞன் ஒருவனை அடிகோலால் கையில் அடித்துவிட்டார். அடித்தவரின் உடல்தான் நடுங்கியது. இளைஞன் அழுது மன்னிப்புக் கேட்டான். திருப்பி அடிக்கும் வலிமை அவனுக்கு இருந்தது. வலிக்காக அவன் அழவில்லை. ஆயினும் அந்த அடி சரியா என்ற ஐயம் காந்தியடிகளை நெடுங்காலம் உறுத்தியது.

பிறர் பிள்ளைகள் இவ்வாறு நெருங்கிவந்த அதே காலத்தில் மூத்த மகன் விலகிப்போனார். தந்தையின் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றவர் ஹரிலால். மக்கள் அவரைச் சின்ன காந்தி என்றே அழைத்தனர். தந்தையைப் போல் தாமும் லண்டனில் பாரிஸ்டராக வேண்டும் என்பது அவர் ஆசை. நண்பர் பிராண்ஜீவன் மேத்தா ஒருவரை லண்டனுக்கு அனுப்பிப் படிக்கவைக்க முன்வந்தபோது, காந்தியடிகள் தேர்ந்தெடுத்தது மகனையல்ல, உறவினரான சகன்லாலை. பொதுப்பணியில் சொந்த மகனுக்கு முன்னுரிமை கூடாது என்ற அறம் அது. மகனின் பக்கம் நின்று பார்த்தால், அந்த அறத்தின் விலையை அவரே கொடுக்க நேர்ந்தது.

1911-இல் ஹரிலால் வீட்டைவிட்டு வெளியேறி அகமதாபாத் சென்றார். தம்மைவிட மிக இளையவர்களோடு அமர்ந்து மெட்ரிகுலேஷனுக்குப் படித்தார், தேறவில்லை. முறையான கல்வியை மறுத்துவிட்டார் தந்தை என்ற மனக்குறை கடைசிவரை நீங்கவில்லை. காந்தியடிகளும் தம் சுயசரிதையில் இதை மறைக்கவில்லை. புதல்வர்களின் குறையை எடுத்துரைத்து, ஏட்டுக்கல்வியில் தாம் போதிய கவனம் செலுத்தவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். ஆனால் தம் முடிவுக்காக வருந்தவில்லை.

அதே வளர்ப்பில் வளர்ந்த மணிலால் தென்னாப்பிரிக்காவில் தங்கி, தந்தை நடத்திய இந்தியன் ஒப்பீனியன் இதழை 1956-இல் மறையும்வரை நடத்தினார். இளைய மகன் தேவதாஸ் ஹிந்துஸ்தான் டைம்ஸ் நாளிதழின் ஆசிரியரானார். ஹரிலால், தந்தை மறைந்த ஐந்து மாதங்களுக்குள், 1948 ஜூனில் பம்பாயில் காலமானார்.